நாலாம் ஜன்னல் கேட்ட வழிப்படம்

…அதைத்தாங்க நானும் கேக்குறேன்! காகிதமே இல்லாத அரசாங்கம்னா, கையெழுத்தை எங்க போடுவாங்க, காத்துலயா? முத்திரையை எங்க குத்துவாங்க, நெத்தியிலயா? உக்காருங்க தம்பி, உக்காருங்க. அந்த முக்காலி ஆடும், ஆனா இதுவரைக்கும் யாரையும் கீழ தள்ளுனதில்ல. என்னது, எல்லாத்துலயும் மூணு மூணு காப்பியா? போட்டுடலாம். மிஷின் சூடாகட்டும். லா பாஸ் மலைக் குளிருக்கு மனுஷ உடம்பு சூடாகவே பத்து மணி ஆகுது, இது பாவம், இந்தப் பெட்டிக்கடை வச்ச நாள்லேருந்து உழைக்குது.

ஃபைலை இப்படிக் கொடுங்க. அட, கொடுங்கன்னா! படிக்க மாட்டேன். இருவத்திரெண்டு வருஷமா இந்தப் பதிவு ஆபீஸ் சுவரோரமா ஜெராக்ஸ் போடுறேன், அடுத்தவங்க காகிதத்தை ஒரு வரி படிச்சதில்ல. படிச்சா தாங்குமா? ஒருத்தி விவாகரத்துக் காகிதம் கொண்டு வருவா, அவ போன கையோட இன்னொருத்தி கல்யாணக் காகிதம் கொண்டு வருவா, பாத்தா ரெண்டுலயும் மாப்பிள்ளை ஒரே ஆளு. நமக்கெதுக்கு? கவுத்துப் போடுறது, மூடுறது, பட்டனை அமுக்குறது. செவெரினா சிப்பானா வாயைத் திறந்தா மூட மாட்டா, ஆனா அடுத்தவங்க ஃபைலைத் திறக்க மாட்டான்னு இந்தத் தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

கழுத்துல என்ன அது, ஆபீஸ் அட்டையா? ஏன் சட்டைக்குள்ள தள்ளுறீங்க? சரி சரி, நான் கேக்கல.

என்ன சொல்லிட்டிருந்தேன்… ஆங், உஸ்தாரிஸ். இன்ஜினியர் உஸ்தாரிஸ்! முன்ன போன்ல வியாபாரம் பண்ணிட்டிருந்த மனுஷன். நாலு மாசமா துணை மந்திரி. வந்ததும் வராததுமா என்ன பண்ணுனாரு? வெள்ளிக்கிழமையோட நாலாம் ஜன்னலை இழுத்து மூடுறாராம். கம்பெனி பதியணுமா, வீட்டுல படுத்துக்கிட்டே போன்ல அமுக்குனா போதுமாம். ஜன்னல் போனா வரிசை போச்சு. வரிசை போனா நான் போனேன், நான் விக்கிற மஞ்சள் ஃபைல் போச்சு, அந்த முக்குல கறி அடைச்ச சல்தேனியா ரொட்டி விக்கிறாளே ஃபிலோமினா, அவ போனா. பதினொரு மணிக்குப் பசியோட க்யூவுல நிக்கிறவன்தானே சல்தேனியா திம்பான்? வீட்டுல படுத்துக்கிட்டுப் போன் அமுக்குறவனா எந்திரிச்சு வந்து திம்பான்?

அதுகூடப் போகட்டும் தம்பி. அந்த ஜன்னல்ல இருக்காரே ருஃபினோ அலனோக்கா… அவரையும் வேலையை விட்டுத் தூக்குறாங்களாம். பென்ஷனுக்கு இன்னும் பதினாலு மாசம். பதினாலே மாசம்! சும்மா இல்ல, விசாரணை வச்சு, குத்தம் சாட்டி, பென்ஷன் இல்லாம அனுப்புறாங்களாம். முப்பத்தோரு வருஷம் வேலை பாத்தவரு.

எனக்கென்ன? எனக்கென்ன வந்துச்சு? நான் ஜெராக்ஸ்காரி.

இருங்க, பச்சை லைட் எரிஞ்சிடுச்சு. முதல் தாள் போகட்டும்… ஒண்ணு… ரெண்டு… பாருங்க எவ்வளவு தெளிவா வருது! சாயங்காலம் வரைக்கும் நல்லா ஓடும். மழை வந்தாத்தான் தாளைக் கடிச்சுக்கும்.

உங்களுக்கு ருஃபினோ ஐயாவைத் தெரியுமா? தெரியாதா… சாம்பல் கலர் கம்பளி ஸ்வெட்டர், எப்பவும் மூக்கை உறிஞ்சிக்கிட்டு. எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். இந்தக் கட்டடத்துல லஞ்சம் வாங்காத ஒரே ஆளு. லஞ்சமா, ஒரு நாள் மழைன்னு நான் ஒரு சல்தேனியா கொண்டு போய் நீட்டுனேன், "இது எந்த விதியில வருது, தோன்யா செவெரினா?"ன்னு, அம்மான்னு மரியாதை வச்சே கேட்டாரு! பாவி மனுஷா, பசியில வருதுய்யான்னேன். வாங்கலையே. சாறு ஒழுக ஒழுக நானே தின்னேன். ஆனா ஒண்ணு, பலகையில என்ன எழுதியிருக்கோ அதைக் கேப்பாரு. ஒண்ணு குறைஞ்சா திருப்பி அனுப்புவாரு. சொந்தத் தம்பி வந்தப்பவே திருப்பி அனுப்புனவரு. அன்னைலேருந்து அந்தத் தம்பி கிறிஸ்துமஸுக்கு வர்றதில்ல.

அந்த ஜன்னலுக்குத்தான் வந்து சேந்தாரு உஸ்தாரிஸ். அஞ்சு வருஷம் இருக்கும். கிழிஞ்ச ஜீன்ஸு, ஓடுற பூட்ஸு, முதுகுல பை. நான் ஏதோ மாரத்தான் பதிய வந்திருக்காருன்னு நினைச்சேன். கம்பெனி பதிய வந்திருக்கேன்னாரு. எங்க கம்பெனின்னேன். பாக்கெட்லேருந்து போனை எடுத்துக் காட்டி, "இதுக்குள்ள"ங்கிறாரு! உள்ள எத்தனை பேரு வேலை பாக்குறாங்கன்னு கேட்டேன். சிரிச்சாரு. நல்லாத்தான் சிரிச்சாரு, அப்பல்லாம்.

கம்பெனிக்குப் பேரு 'அக்கிசித்தோ'. இந்தா, இங்கதான்னு அர்த்தம். நம்ம ஊர்ல யார்கிட்ட வழி கேட்டாலும் அதானே சொல்லுவாங்க? அக்கிசித்தோன்னு சொன்னா இன்னும் ரெண்டு மேடு ஏறி ஒரு மேடு இறங்கணும்னு அர்த்தம். இவரோட போனு என்ன பண்ணுமாம், லா பாஸ்ல எந்த வீடா இருந்தாலும் கண்டுபிடிச்சு, பொரிச்ச கோழியைச் சூடு ஆறாம கொண்டு போய்ச் சேக்குமாம். நான் நம்பல தம்பி. இந்த ஊர்ல வீட்டு நம்பரை யாரு கண்டது? பச்சைக் கேட்டு, கால்பந்து மைதானம் தாண்டி, குலைக்கிற நாய்க்கு எதிர்ல… இதானே விலாசம்? அதனாலதானே நம்மகிட்ட எல்லாத்துக்கும் வழிப்படம் கேக்குறாங்க? கரன்ட் கனெக்‌ஷனா, வீட்டுக்கு வழிப்படம் வரைஞ்சு கொடு. பேங்க் கடனா, வரைஞ்சு கொடு. புள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேக்கணுமா, வரைஞ்சு கொடு. எனக்குக் கை நல்லா வரும். மைதானம், சர்ச்சு, கோழிக்கடை, நாய் எல்லாம் போட்டு அழகா வரைஞ்சு கொடுப்பேன். நாய்க்குத் தனியா வாங்குறதில்ல.

சரி, இவரு நாலாம் ஜன்னலுக்குப் போனாரா. ருஃபினோ ஐயா ஃபைலைப் புரட்டுனாரு. அடையாள அட்டை ஜெராக்ஸ், இருக்கு. கரன்ட் பில் ஜெராக்ஸ், இருக்கு. மஞ்சள் ஃபைல், இருக்கு. "கையால வரைஞ்ச வழிப்படம் எங்க?" இவரு போனை ஜன்னல் கம்பிக்குள்ள நீட்டுனாரு. "ஐயா, என் கம்பெனியே வழி காட்டுற கம்பெனி. இந்தா பாருங்க, நீலப் புள்ளி, அது நான்." ருஃபினோ ஐயா கண்ணாடியைத் தூக்கிப் பாத்தாரு. "புள்ளி நகருதே"ன்னாரு. "கையெழுத்து இல்லையே"ன்னாரு. "அடுத்தவங்க வாங்க"ன்னாரு.

சிரிக்காதீங்க தம்பி! சரி சிரிங்க. நானும் சிரிச்சேன்.

அந்தப் போன் படத்தை அச்சடிச்சுக் கொண்டு போனாரு. கையால வரையல, திரும்பு. என்கிட்ட வந்தாரு. மிராஃப்ளோரஸ்ல அவங்க அத்தை வீட்டுக் கார் ஷெட்டுதான் ஆபீஸு. வரைஞ்சு கொடுத்தேன். கேட்டு என்ன கலருன்னு கேட்டேன், பச்சைன்னாரு, பச்சை அடிச்சேன். அந்த வாரம் பாத்து அத்தை கேட்டுக்கு நீல பெயின்ட் அடிச்சிட்டா! நேர்மையான புள்ள, வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருக்காம அதை ருஃபினோகிட்டயே சொல்லிட்டாரு. திரும்பு. அப்புறம் ஷீட்டு சைஸ் சின்னது, திரும்பு. அப்புறம் கார்னிவல் திருவிழா லீவு. மொத்தம் பதினோரு நடை. கடைசி நடை வந்தப்போ… இந்தா, நீங்க உக்காந்திருக்கீங்களே, அதே முக்காலியில உக்காந்து தலையில கை வச்சிக்கிட்டாரு. பெரிய ஒப்பந்தமாம், பத்து ஊருக்கு வேலையாம், ஒன்பது நாள் தாமதமாயிடுச்சுன்னு பக்கத்து நாட்டுச் சிலிக்காரன் கம்பெனிக்குக் கொடுத்துட்டாங்களாம். சிலிக்காரன்! முன்ன சண்டை போட்டு நம்ம நாட்டுக் கடற்கரையைக் கொண்டு போனான், இப்ப இவரோட கோழியையும் கொண்டு போயிட்டான்.

பாவமா இருந்துச்சு. நெசமாவே பாவமா இருந்துச்சு. கோக்கா இலை டீ போட்டுக் கொடுத்தேன். கொடுத்துட்டுப் பேசாம இருந்திருக்கலாம்ல? என் வாய்தான் இருக்கே! "இன்ஜினியர், வெளிய நின்னு எத்தனை கத்துனாலும் இந்தச் சுவருக்குக் கேக்காது. அவ்வளவு ஆத்திரமா இருந்தா நீங்களே உள்ள போய் உக்காந்து மாத்துங்களேன்"ன்னேன். அதோட விட்டேனா? ஜனவரியில அலசிட்டாஸ் சந்தை வந்துச்சு. வேணுங்கிறதைக் குட்டியா வாங்கி, உச்சி வேளையில புகை காட்டி வச்சிக்கிட்டா பெருசா வந்து சேரும்ல? எல்லாரும் விரல் அளவு வீடு வாங்குறாங்க, குட்டிக் காரு வாங்குறாங்க. நான் இவருக்குன்னு தபால் தலை அளவுல ஒரு அரசாங்க வேலை உத்தரவு வாங்கிக் கொடுத்தேன். விளையாட்டுக்குத் தம்பி! "இந்தாங்க இன்ஜினியர், வியாபாரம் போதும், மந்திரியாகுங்க"ன்னு. சிரிச்சிக்கிட்டே பர்ஸ்ல வச்சிக்கிட்டாரு.

அப்புறம் என்ன, சிலிக்காரன் போனா என்ன, வேற கம்பெனிக்காரன் வந்தான், வியாபாரம் பெருகுச்சு, மூணு வருஷத்துல கம்பெனியை வித்துட்டு மனுஷன் பெரிய பணக்காரன் ஆயிட்டாரு. பேசாம கடற்கரை இருக்கிற ஏதாவது நாட்டுல போய்க் கால் நீட்டிப் படுக்க வேண்டியதுதானே? புது ஜனாதிபதி கூப்பிட்டு, என்ன வேணும்னு கேட்டாராம். "எனக்குச் சம்பளம் வேணாம், பங்களா வேணாம். அந்த நாலாம் ஜன்னலைக் கொடுங்க"ன்னாராம். ரேடியோவுல சொன்னாங்க. நான் கேட்டுக்கிட்டே உருளைக்கிழங்கு உரிச்சிட்டிருந்தேன். கத்தி கையைக் கிழிச்சிடுச்சு.

பதவியேத்த மறுநாள் நடந்ததைக் கேளுங்க. இதைக் கேட்டுட்டுத்தான் நீங்க போகணும். அதே ஓடுற பூட்ஸு, டை கிடையாது, நடந்தே வர்றாரு. வாசல்ல போலீஸ்காரர் லிமாச்சி மறிச்சிட்டாரு. "அடையாள அட்டை ஜெராக்ஸ் கொடுத்துட்டு உள்ள போங்க." "நான்தாங்க துணை மந்திரி!" "இருக்கலாம் இன்ஜினியர். ஜெராக்ஸ் எங்க?" காகிதமில்லா அரசாங்கத்தோட துணை மந்திரி, மூஞ்சியெல்லாம் சிவந்து போய் இங்க வந்து நின்னாரு! ரெண்டு பக்கமும் போட்டுக் கொடுத்தேன். ஒரு பக்கம் மட்டும் போட்டா லிமாச்சி திருப்பி அனுப்புவாருன்னு எனக்குத் தெரியாதா? வாங்கிட்டு என்னை ஒரு பார்வை பாத்தாரு. "தோன்யா செவெரினா, முதல் வேலையா என்ன பண்ணப் போறேன் தெரியுமா? அந்த வழிப்படம் கேக்குற விதியை எவன் போட்டான்னு கண்டுபிடிக்கப் போறேன்"ன்னாரு.

…நாலாவது தாள். கொஞ்சம் மங்கலா வருதோ? இருங்க, மை டப்பாவை ஒரு தட்டு தட்டுறேன். ஆங்.

சொன்ன மாதிரியே செஞ்சாரு. ஒரு கமிஷன் போட்டாரு. மூணு பேரு, மூணு பேர் கையிலயும் மடிக்கணினி. கட்டடத்துல தொங்குற ஒவ்வொரு விதிக்கும் எந்தச் சட்டம் அப்பன்னு கண்டுபிடிக்கணுமாம். அப்பன் இல்லாத விதியெல்லாம் குப்பைக்கு. முந்நூத்திப் பன்னெண்டு விதி இருந்துச்சாம். எல்லாத்துக்கும் ஏதாவது ஒரு அப்பன் கிடைச்சிட்டான். மஞ்சள் ஃபைலுக்கு ஒரு ராணுவத் தளபதி காலத்து உத்தரவு அப்பனாம்! வழிப்படத்துக்கு மட்டும் யாரும் இல்ல. சட்டத்துல இல்ல, உத்தரவுல இல்ல, சுற்றறிக்கையில இல்ல. ஒரே ஒரு அட்டை. நாலாம் ஜன்னல் பக்கத்துல தொங்குச்சு. கழட்டிக் கொண்டு போனாங்க.

ருஃபினோவைக் கேட்டாங்க. "லீவு முடிஞ்சு வந்தேன், பலகையில இருந்துச்சு, பின்பற்றுனேன்"னாரு. யாரு நம்புவா? ஆறு வருஷமா எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்காரு! அத்தனை பேரும் சாட்சி சொல்லத் தயாரா நிக்கிறாங்க. உஸ்தாரிஸுக்குச் சொல்லவே வேணாம், பதினோரு நடை நடந்த காலு அவரோடது. "இந்த ஆளுதான் ஜனங்களை அலையவிட இதைக் கிளப்பியிருக்கணும்"னு முடிவு கட்டிட்டாங்க. ரெண்டு வாரமா ருஃபினோ ஐயா பதினோரு மணிக்கு வெளிய வர்றதில்ல. முன்னல்லாம் வருவாரு. சொந்தக் காசுல ஒரு சல்தேனியா வாங்கி, இங்க வந்து நின்னு, நான் திட்டுறதைக் கேட்டுக்கிட்டே திம்பாரு. பதில் பேச மாட்டாரு. உங்களை மாதிரியே.

எனக்கென்ன தம்பி. நான் எதுக்கு இதெல்லாம் உங்ககிட்ட… அய்யோ! மாட்டிக்கிச்சு. பாத்தீங்களா, மேகம் மூடுது, தாளைக் கடிச்சிக்கிச்சு. பதறாதீங்க, பதறாதீங்க, கிழியாது. இந்தப் பக்கத்து மூடியைத் திறந்து… மெதுவா… உருளையை இப்படித் திருப்பி… வந்துடுச்சு. ஒரு முனைதான் மடங்கியிருக்கு. மூலத் தாள் எங்க… இந்தா கண்ணாடி மேல… கவுத்துப் போட்டதை எடுத்து…

…

இது எப்படி உங்க ஃபைல்ல வந்துச்சு?

தம்பி. இது… இது அந்த அட்டையோட போட்டோதானே? 'புதிய தேவை: கையால் வரைந்த வழிப்படம், பெரிய தாளில், கையெழுத்துடன்.' கொடுங்க அந்த அட்டையை, கழுத்துல இருக்கிறதை. அட, காட்டுங்கன்னா! …ஓ. உஸ்தாரிஸ் ஆபீஸா நீங்க? காகிதமில்லா ஆபீஸ்லேருந்து மூணு காப்பியா? …ஆமா, ஆமா, தெரியும், விசாரணைன்னா தொழிலாளர் கோர்ட்டு காகிதத்துலதான் கேக்கும். சிரிப்பு வருது. சிரிக்க முடியல.

அப்ப இது ருஃபினோவோட ஃபைலு. நான்தான் என் கையால மூணு மூணா போட்டுட்டிருக்கேன்.

இல்ல, கொடுக்க மாட்டேன். இருங்க. இருவத்திரெண்டு வருஷத்துல இன்னைக்கு ஒரு நாள் படிச்சா பூமி பிளந்துடாது. எங்க… அவரு வாக்குமூலம் எங்க… இந்தா. 'கேள்வி: இந்த அட்டையில் உள்ள எழுத்து யாருடையது என்று உங்களுக்குத் தெரியுமா? பதில்: தெரியும்.'

தெரியுமா!

'கேள்வி: யாருடையது? பதில்: ஆதாரம் இல்லாமல் ஒரு நபரின் பெயரைச் சொல்வது விதிக்கு விரோதம். சொல்ல மாட்டேன். கேள்வி: சொல்லாவிட்டால் குற்றம் உங்கள் மேல் வரும், புரிகிறதா? பதில்: புரிகிறது.'

அட மனுஷா. அட கம்பளி ஸ்வெட்டரு. மூக்குறிஞ்சி. பென்ஷனை விட விதி பெருசா உனக்கு?

தெரியாம இருக்குமா அவருக்கு? தினம் இங்க நின்னுதானே சல்தேனியா தின்னாரு. நிமிந்து பாருங்க தம்பி, என் தலைக்கு மேல. 'ஜெராக்ஸ். மஞ்சள் ஃபைல். வழிப்படம் வரைந்து தரப்படும்.' அந்த 'வ'வைப் பாருங்க, வயிறு ஊதி. இந்தத் தாள்ல இருக்கிற 'வ'வையும் பாருங்க.

என்ன அப்படிப் பாக்குறீங்க? ஆமா. நான்தான். நான்தான் எழுதுனேன், போதுமா?

ஆறு வருஷம் முன்ன கார்னிவலுக்கு முந்தின வாரம். விடாம மழை. நாலு நாளா ஒரு ஈ காக்கா வரல. ஃபைல் அட்டைப் பெட்டியோட மூடி சும்மா கிடந்துச்சு, மார்க்கர் கையில இருந்துச்சு. ருஃபினோ லீவு. உள்ள போனேன், மத்த அட்டைங்களோட இதையும் மாட்டுனேன், வந்துட்டேன். ஒரு வாரம் தாங்கும்னு நினைச்சேன் தம்பி. ஒரே ஒரு வாரம்! நாலு வழிப்படம் வரைஞ்சு கொடுத்தா கார்னிவல் செலவுக்கு ஆகும்னு. இந்த ஊர்ல எல்லா இடத்துலயும் கேக்குறதுதானே, இங்கயும் கேட்டா யாரு என்ன சொல்லப் போறாங்க? ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. ருஃபினோ திரும்பி வந்தாரு, அட்டையை ரெண்டு தரம் படிச்சாரு, மறுநாளே கேக்க ஆரம்பிச்சிட்டாரு.

எனக்குப் பயமாயிடுச்சு. எடுத்துடலாம்னு போனேன், என் அம்மா மேல ஆணையாப் போனேன். போய்ப் பாத்தா… அது மேல முத்திரை குத்தியிருக்கு! எவன் குத்துனான்? சாமிக்கே வெளிச்சம். வெறும் அட்டையா தொங்குதேன்னு எவனோ போறபோக்குல குத்திட்டுப் போயிருக்கான். அரசாங்க முத்திரை இருக்கிற காகிதத்தை எடுத்தா ஜெயிலு. விட்டுட்டு வந்துட்டேன். அடுத்த வருஷம் ஒரூரோ ஊர் ஆபீஸ்லேருந்து ஒருத்தர் வந்தாரு, அந்த அட்டையைப் படம் பிடிச்சுக் கொண்டு வந்து எனக்கு ஒரு காப்பி போடும்மான்னாரு. அங்கயும் மாட்டணுமாம். நான் போட்டுக் கொடுத்தேனே தம்பி! இந்தக் கையால!

எங்க எந்திரிக்கிறீங்க? உக்காருங்க. உங்க ஃபைலு என் கையில இருக்கு.

இப்ப நேரா உள்ள போய் உஸ்தாரிஸ்கிட்ட சொல்லணும். கடைக்கு லைசென்ஸ் போகும். போகட்டும். வேற என்னமோ கேஸும் போடுவாங்க. போடட்டும். எனக்குப் பயமாத்தான் இருக்கு, மறைக்க மாட்டேன். ஆனா அந்த மனுஷன் என் பேரைச் சொல்லலையே. …என்னது? நேரா போக முடியாதா? முன்பதிவா? ஆப்புல எடுக்கணுமா? லிமாச்சி விடமாட்டாரா? நல்ல கூத்து! முன்ன ஜெராக்ஸ் இல்லாம விடமாட்டாரு, இப்ப போன் இல்லாம விடமாட்டாரா? என்கிட்ட இருக்கிறது பட்டன் போனு. உங்க போனை எடுங்க. எடுங்க தம்பி, ருஃபினோவோட பதினாலு மாசம் உங்க பாக்கெட்ல இருக்கு.

என்ன கேக்குது? வந்த காரணமா? என்னென்ன இருக்கு, படிங்க. கோரிக்கை… ஆலோசனை… பாராட்டு… புகார். நான்தான் செஞ்சேன்னு சொல்றதுக்குக் கட்டமே இல்லையா? இவ்வளவு படிச்ச உஸ்தாரிஸ், தப்பு பண்ணவன் வந்து ஒத்துக்குவான்னு நினைச்சே பாக்கலை பாருங்க! சரி, புகாரை அமுக்குங்க. புகார்ன்னா சீக்கிரம் கூப்பிடுவாங்களா? இன்னைக்கேவா? அப்ப அதுதான்.

யார் மேலன்னு கேக்குதா? எழுதுங்க. செவெரினா சிப்பானா. ஜெராக்ஸ்காரி. ஆபீஸ் சுவரோரம். கொடுக்கிறவங்க பேரா? அதுலயும் அதேதான். செவெரினா சிப்பானா. …என்ன? சிவப்பா வருதா? ஒரே ஆளு ரெண்டு கட்டத்துலயும் இருக்கக் கூடாதா? மறுபடி அமுக்குங்க. மறுபடியும் சிவப்பா? ஏன் கூடாது? வாழ்க்கை பூரா நான் எல்லார் மேலயும் புகார் சொல்லியிருக்கேன், என் மேல சொல்ல எனக்கு உரிமை இல்லையா? அப்ப உங்க பேரைப் போடுங்க. …நீங்க ஆபீஸ் ஆளு, போடக் கூடாதா? உங்க விதியா? விதியைப் பிடிச்சுத் தொங்குறதுல ருஃபினோவுக்குக் கூடப் பொறந்தவரா நீங்க?

சரி. விடுங்க. இந்த ஊர்ல என் மேல புகார் கொடுக்க ஆளா இல்ல? அந்தா நிக்குதே வரிசை.

ஏம்ப்பா! க்யூவுல நிக்கிறவங்களே! ஆமா, உங்களைத்தான், தொப்பிக்காரம்மா! வழிப்படம் இல்லைன்னு நாலாம் ஜன்னல்லேருந்து திரும்பிப் போனவங்க யாராச்சும் இருக்கீங்களா? அந்த அட்டையை எழுதி மாட்டுனது ருஃபினோ இல்ல, நான்! ஆமாங்கிறேன், நான்தான்! யாராவது ஒருத்தர் வந்து இந்தத் தம்பி போன்ல என் மேல ஒரு புகார் கொடுங்கப்பா, புண்ணியமாப் போகும்! ஒருத்தர் போதும்…

அய்யய்யோ. ஒருத்தர் போதும்ங்கிறேன்! யம்மா, முக்காலி, முக்காலி! தள்ளாதீங்க! தம்பி, போனை இறுக்கிப் பிடிங்க! எல்லாரும் கொடுக்கலாம், எல்லாரும் கொடுக்கலாம்… வரிசையில வாங்க!